பார்டுக்கு எந்த மந்திரங்களை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் முதன்முறையாக பார்ட் (இசையால் மந்திரம் போடும் பாணன் வகுப்பு) எடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எண்களும் விதிகளும் 2014 விதிப்புத்தகத்தின்படி. 2024 புத்தகத்தில் மாறியவை கடைசிக் கேள்வியில் இருக்கின்றன. மந்திரங்களின் பெயர்களை விளையாடும்போது சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். அப்போதுதான் புத்தகத்தில் தேடிப் பிடிக்க முடியும்.

மந்திரத் தேர்வுக்கு பார்ட் மட்டும் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

தப்பாக எடுத்துவிட்டால் உடனே மாற்ற முடியாது என்பதால்தான். கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடுபவர்) தினமும் காலையில் தன் முழுப் பட்டியலிலிருந்து அன்றைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். விசார்டிடம் (படித்து மந்திரம் கற்றவர்) மந்திரப் புத்தகம் இருக்கிறது. ஐந்தாம் லெவலில் அதில் குறைந்தது 14 மந்திரங்கள் இருக்கும், வழியில் கிடைப்பதையும் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். அதே ஐந்தாம் லெவலில் பார்டுக்குத் தெரிந்தவை மொத்தமே 8. முதல் லெவலில் 4. அதன்பின் ஒன்பதாம் லெவல் வரை லெவலுக்கு ஒன்று வீதம் கூடுகிறது. லெவல் ஏறும்போது பழைய மந்திரம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம், அவ்வளவுதான்.

ஸ்லாட் (ஒரு மந்திரம் போட ஒன்று வீதம் செலவாகும் இடம்) எண்ணிக்கையில் பார்ட் விசார்டுக்குக் குறைந்தவர் இல்லை. சக்தி இருக்கிறது, அதைச் செலவழிக்கும் வழிகள்தான் கொஞ்சம். அதனால் ஒவ்வொரு மந்திரத்தையும் எடுக்கும் முன் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: இதைப் போட்டால் அடுத்து ஆடப்போகும் நண்பரின் முறை எவ்வளவு நல்லதாக மாறும்? பார்ட் பட்டியலில் உள்ள சிறந்த மந்திரங்கள் எல்லாமே இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கின்றன.

முதல் லெவலில் எந்த நான்கை எடுப்பது?

ஹீலிங் வேர்ட், ஃபேரி ஃபயர், டிசொனன்ட் விஸ்பர்ஸ். இந்த மூன்றை எந்தக் குழுவுக்கும் தயங்காமல் சொல்வேன். நான்காவது உங்கள் பாத்திரத்தின் குணத்துக்கும் கதைக்கும் உரியது.

ஃபேரி ஃபயர் 20 அடிக் கனசதுரத்துக்குள் இருப்பவர்களில் டெக்ஸ்டெரிட்டி சேவில் (சுறுசுறுப்பால் மந்திரத்திலிருந்து தப்பிக்க உருட்டும் பகடை) தோற்றவர்களை ஒளிர வைக்கும். அவர்களை அடிக்கும் ஒவ்வொருவருக்கும் அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். இருபதுமுகப் பகடையில் 11 விழுந்தால்தான் அடி படும் என்ற நிலையில் 50 சதவீத வாய்ப்பு 75 ஆகிவிடுகிறது. குழுவில் மூன்று பேர் அடிப்பவர்கள் என்றால் மூன்று பேருக்கும் அது கிடைக்கிறது, சண்டை முடியும்வரை ஒவ்வொரு சுற்றிலும். கண்ணுக்குத் தெரியாமல் திரியும் எதிரியும் இதில் மாட்டினால் மறைய முடியாது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்தக் கனசதுரத்துக்குள் நம் ஆள் நின்று சேவில் தோற்றால் அவரும் ஒளிர்வார்.

டிசொனன்ட் விஸ்பர்ஸ் 3 ஆறுமுகப் பகடை டேமேஜ் கொடுக்கிறது, விஸ்டம் (மன உறுதி) சேவ். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் சேவில் தோற்ற எதிரி, சுற்றுக்கு ஒரு தடவை கிடைக்கும் எதிர்வினையான தன் ரியாக்‌ஷனைச் செலவழித்து உங்களை விட்டு ஓடியாக வேண்டும். அவன் சொந்தக் காலில் ஓடுவதால், பக்கத்தில் நிற்கும் நம் ஆட்கள் ஒவ்வொருவரும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகி ஓடுபவன் மேல் கிடைக்கும் இலவச அடி) அடிக்கலாம். ஃபைட்டரும் ரோகும் எதிரியின் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ரோகின் ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் டேமேஜ் ஒரு முறைக்கு ஒரு தடவைதான். ஆனால் இது உங்கள் முறை, அவருடையது இல்லை. ஆக அவர் முறையில் ஒரு ஸ்னீக் அட்டாக், உங்கள் முறையில் இன்னொன்று. ஒரே ஒரு முதல் லெவல் ஸ்லாட்டில் இது நடக்கிறது. பட்டியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த மந்திரம் இதுதான்.

நான்காவதுக்கு ஹிடியஸ் லாஃப்டர், ஸ்லீப், டிஸ்கைஸ் செல்ஃப், சார்ம் பெர்சன் ஆகியவற்றில் ஒன்று. ஸ்லீப் முதல் இரண்டு லெவலில் அபாரம்: சேவே கிடையாது, 5 எட்டுமுகப் பகடை உருட்டி வரும் தொகைக்கு எதிரிகள் தூங்கிவிடுவார்கள். சராசரி 22 என்றால் 7 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) உள்ள காப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்) மூன்று ஒரே அடியில் சாய்ந்துவிடும். ஐந்தாம் லெவல் வந்தால் அது பயனற்றுப் போகும், அப்போது மாற்றிவிடுங்கள்.

கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சிறு மந்திரம்) இரண்டுதான் கிடைக்கிறது. எதை விடுவது?

விஷியஸ் மாக்கரியை விடாதீர்கள். டேமேஜ் வெறும் ஒரு நான்குமுகப் பகடை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் உயிர் டேமேஜில் இல்லை. சேவில் தோற்ற எதிரியின் அடுத்த அடிக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுப்பது) வருவதில் இருக்கிறது. ஓகர் என்ற முரட்டு அரக்கனை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதற்குத் தாக்குதல் பகடையில் கூட்டல் 6. எதிரே நிற்கும் ஃபைட்டரின் ஆர்மர் கிளாஸ் (அடிபட எட்ட வேண்டிய எண்) 18. அடிபட 12 வேண்டும், அதாவது 45 சதவீதம். மாக்கரி பட்டுவிட்டால் அது 20 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஓகரின் ஓர் அடி சராசரி 13. முதல் லெவலில் பெரும்பாலானவர்களை அப்படியே படுக்க வைத்துவிடும். அதைத் தடுக்க ஸ்லாட் கூடச் செலவாகவில்லை.

இரண்டாவது இடத்துக்கு மைனர் இல்யூஷன். ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, காவலனைத் திசைதிருப்ப ஒரு சத்தம் என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் வேலை இருக்கும். குழுவில் வேறு யாராவது அதை வைத்திருந்தால் மேஜ் ஹேண்ட் அல்லது மெசேஜ் எடுங்கள். ட்ரூ ஸ்ட்ரைக் வேண்டாம். ஃப்ரெண்ட்ஸ் என்ற பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம்: ஒரு நிமிடம் முடிந்ததும் எதிராளிக்கு நீங்கள் செய்தது தெரிந்து பகையாகிவிடுவார்.

மாக்கரி போடும்போது நிஜமாகவே திட்ட வேண்டுமா? எதிரிக்கு மொழி புரியாவிட்டால்?

விதிப்படி எதிரி உங்கள் குரலைக் கேட்டால் போதும், புரிய வேண்டியதில்லை. அதனால் தாராளமாகத் தமிழிலேயே திட்டலாம். எதுகை மோனையோடு ஒரு வரி தயாராக வைத்திருந்தால் ஆட்டம் இன்னும் களைகட்டும். கூச்சப்படுபவர்கள் "அதன் மூக்கைக் கிண்டல் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பகடை உருட்டினாலும் முழு மந்திரமும் வேலை செய்யும். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

கான்சன்ட்ரேஷன் என்றால் என்ன? அதற்கு ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள்?

சில மந்திரங்களைப் போட்டபின் மனத்தை அதிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இப்படி ஒரு மந்திரத்தைத்தான் பிடித்திருக்க முடியும். இரண்டாவதைப் போட்ட கணமே முதலாவது கலைந்துவிடும். அடிபட்டால் கான்ஸ்டிட்யூஷன் (உடல் தாங்குதிறன்) சேவ் உருட்ட வேண்டும். இலக்கு 10, அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, இதில் எது பெரிதோ அது.

பார்ட் பட்டியலில் நல்ல மந்திரங்கள் முக்கால்வாசி கான்சன்ட்ரேஷன் கேட்பவை என்பதுதான் சிக்கல். ஃபேரி ஃபயர், ஹிடியஸ் லாஃப்டர், பேன், சஜெஷன், இன்விசிபிலிட்டி, ஹோல்ட் பெர்சன், ஹீட் மெட்டல், ஹிப்னாடிக் பேட்டர்ன், ஃபியர், பாலிமார்ஃப், எல்லாமே. புதிதாக ஆடுபவர்கள் ஒவ்வொரு லெவலிலும் "எது சிறந்தது" என்று பார்த்துப் பார்த்து எடுத்து, ஐந்தாம் லெவலில் எட்டு மந்திரத்தில் ஆறு கான்சன்ட்ரேஷனாக வைத்திருப்பார்கள். சண்டையில் முதல் சுற்றிலேயே ஒன்றைப் போட்டாயிற்று என்றால், மீதி ஐந்தும் அந்தச் சண்டை முடியும்வரை தூங்கும்.

அதனால் பாத்திரத் தாளில் ஒவ்வொரு கான்சன்ட்ரேஷன் மந்திரத்தின் பக்கத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். பாதிக்கு மேல் புள்ளி இருந்தால் அடுத்த லெவலில் புள்ளி இல்லாத ஒன்றை எடுங்கள். ஹீலிங் வேர்ட், டிசொனன்ட் விஸ்பர்ஸ், பிளைண்ட்னெஸ், ஷாட்டர், டிஸ்பெல் மேஜிக், டைமென்ஷன் டோர் ஆகியவற்றுக்குக் கான்சன்ட்ரேஷன் தேவையில்லை. சண்டைக்கு வெளியே பயன்படும் கான்சன்ட்ரேஷன் மந்திரங்கள் வேறு கணக்கு. இன்விசிபிலிட்டி ஹிப்னாடிக் பேட்டர்னோடு மோதுவது அபூர்வம்.

பிடித்திருக்கும் மந்திரத்தைக் காப்பாற்றுவதும் முக்கியம். பார்டுக்கு டெக்ஸ்டெரிட்டியும் கரிஸ்மாவும்தான் (பார்டின் மந்திரங்களுக்கு அடிப்படையான ஆளுமைக் கவர்ச்சி) தேர்ச்சியுள்ள சேவ்கள், கான்ஸ்டிட்யூஷன் இல்லை. கான்ஸ்டிட்யூஷன் 14 வைத்திருந்தால் இலக்கு 10ஐத் தாண்ட 65 சதவீத வாய்ப்பு. நான்காம் லெவலில் வார் காஸ்டர் ஃபீட் (கூடுதல் திறமை) எடுத்தால் அந்தப் பகடைக்கு அட்வான்டேஜ் கிடைத்து 88 சதவீதத்துக்கு அருகில் போகிறது. கரிஸ்மாவை உயர்த்துவதா, வார் காஸ்டரா என்று கேட்டால், முன்வரிசைக்குப் பக்கத்தில் நிற்கும் பார்டுக்கு வார் காஸ்டர் என்பேன். பின்னால் நிற்பவருக்குக் கரிஸ்மா.

குழுவில் கிளெரிக் இருக்கிறார். எனக்கு ஹீலிங் வேர்ட் எதற்கு?

கிளெரிக்கே விழுந்துவிட்டால் யார் எழுப்புவது? அதற்காகத்தான்.

ஐந்தாம் பதிப்பில் 1 ஹிட் பாயின்ட் உள்ள ஃபைட்டரும் முழு ஹிட் பாயின்ட் உள்ள ஃபைட்டரும் அடிப்பது ஒரே அடிதான். பூஜ்யத்துக்குப் போனவர் மட்டுமே ஆட்டத்தில் இல்லை. ஹீலிங் வேர்ட் போனஸ் ஆக்‌ஷன், அதாவது முறையின் முக்கியச் செயலோடு கூடுதலாகச் செய்யும் சிறு செயல்; 60 அடி தூரத்திலிருந்து போடலாம். ஒரு நான்குமுகப் பகடையும் கரிஸ்மா கூட்டலும்தான் குணமாகும், ஆனால் விழுந்தவர் எழுந்துவிடுவார். தன் நடையில் பாதியைச் செலவழித்து நின்று, தன் முறையில் முழுதாக அடிப்பார். உங்களுக்கு ஆக்‌ஷன் இன்னும் மிச்சம். போனஸ் ஆக்‌ஷனில் மந்திரம் போட்ட முறையில் ஆக்‌ஷனுக்குக் கேன்ட்ரிப் மட்டுமே போடலாம் என்பது விதி, ஆகவே விழுத்தியவன் மேல் ஒரு விஷியஸ் மாக்கரி.

கியூர் வூண்ட்ஸ் சராசரியாக இதைவிட 2 பாயின்ட் அதிகம் குணப்படுத்தும். அதற்காக முழு ஆக்‌ஷனைக் கொடுத்து, ஆளின் பக்கத்தில் போய்த் தொடவும் வேண்டும். பார்டுக்கு அது வேண்டாம்.

ஒரு இடைஞ்சல் உண்டு. பார்டிக் இன்ஸ்பிரேஷனும் (நண்பருக்கு ஊக்கமாகக் கொடுக்கும் கூடுதல் பகடை) போனஸ் ஆக்‌ஷன். இரண்டும் ஒரே முறையில் முடியாது. அதனால் இன்ஸ்பிரேஷன் பகடையைச் சண்டையின் முதல் சுற்றிலேயே கொடுத்துவிடுங்கள். பின்சுற்றுகளில் போனஸ் ஆக்‌ஷன் ஹீலிங் வேர்டுக்குக் காலியாக இருக்கட்டும்.

டேமேஜ் மந்திரமே இல்லாமல் இருந்தால் சண்டையில் சலிப்பாக இருக்காதா?

இந்தக் கவலை நியாயமானது. பெரிய பகடைகளை அள்ளி உருட்டுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை யாரும் குறை சொல்லக் கூடாது. அப்படி வேண்டுமென்றால் இரண்டாம் லெவல் மந்திரங்களில் (இது மந்திரத்தின் லெவல், பாத்திரத்தின் லெவல் இல்லை) ஷாட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட் மெட்டல் அதைவிட நல்லது. உலோகக் கவசம் போட்ட எதிரியைக் குறிவைத்தால் டேமேஜுக்குச் சேவே இல்லை: போட்டதும் 2 எட்டுமுகப் பகடை, அப்புறம் ஒவ்வொரு முறையும் போனஸ் ஆக்‌ஷனில் அதே அளவு. கனமான கவசத்தைக் கழற்ற 5 நிமிடம் ஆகும். மந்திரம் நீடிப்பது ஒரு நிமிடம். ஆகவே அவனால் தப்பிக்க முடியாது, அதோடு அவன் அடிகளுக்கெல்லாம் டிஸ்அட்வான்டேஜ். வில்லன் இரும்புக் கவசத்தில் வந்து நிற்கும் நாளில் அந்தச் சண்டையே உங்களுடையது.

ஆனாலும் பார்ட் விசார்டோடு டேமேஜில் போட்டிபோட இறங்கினால் இரண்டாமிடம்தான் கிடைக்கும். நீங்கள் ஃபேரி ஃபயர் போட்ட எதிரியை ரோக் அடித்துச் சாய்க்கும்போது, அந்த அட்வான்டேஜ் பகடை எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) அதைச் சொல்லியே விவரிப்பார்.

எதிரி சேவ் எடுத்துத் தப்பித்துக்கொண்டே இருக்கிறான். என்ன செய்வது?

முதலில் உங்கள் டிசியை (எதிரி சேவில் எட்ட வேண்டிய எண்) கூட்டிப் பாருங்கள்: 8, தேர்ச்சிப் போனஸ், கரிஸ்மா கூட்டல். கரிஸ்மா 16 உள்ள முதல் லெவல் பார்டுக்கு 13. கரிஸ்மா 18 ஆகிவிட்ட ஐந்தாம் லெவல் பார்டுக்கு 15. அடுத்தது, எந்த எதிரியிடம் எந்தச் சேவ் பலவீனம் என்பது. பெரிய, முரட்டு உருவங்களுக்கு விஸ்டம் குறைவு. ஓகருக்கு விஸ்டம் 7, ஆக டிசி 13க்கு எதிராக 70 சதவீதம் அது தோற்கும். அதே ஓகர் மேல் கான்ஸ்டிட்யூஷன் கேட்கும் பிளைண்ட்னெஸை வீசினால் பாதி நேரம் ஸ்லாட் வீண்.

பார்ட் பட்டியல் பெரும்பாலும் விஸ்டம் சேவையே நம்பியிருக்கிறது. எட்டு மந்திரத்தில் ஒன்றிரண்டாவது வேறு சேவ் கேட்பதாக இருக்கட்டும்: ஃபேரி ஃபயர் டெக்ஸ்டெரிட்டி, பேன் கரிஸ்மா, ஃபேன்டஸ்மல் ஃபோர்ஸ் இன்டெலிஜன்ஸ். இதோடு சில நுணுக்கங்கள். ஹிடியஸ் லாஃப்டர் இன்டெலிஜன்ஸ் 4 அல்லது அதற்குக் கீழ் உள்ளவற்றிடம் செல்லாது. ஓகருக்கு 5 என்பதால் சிரிக்கும், ஓநாய்க்கு 3 என்பதால் சிரிக்காது. ஹோல்ட் பெர்சன் மனித உருவினரிடம் மட்டுமே. பிணங்கள் எழுந்து நடக்கும் கதையில் சார்ம் (வசியம்) சார்ந்தவை பலவும் படுத்துவிடும், ஏனென்றால் இறவா உயிர்களில் பலவற்றுக்குச் சார்ம் ஆகாது. அப்படிப்பட்ட கதைக்குப் போகிறோம் என்று தெரிந்தால் ஹீரோயிசம், எய்ட் போன்று நம் ஆட்கள் மேல் போடும் மந்திரங்களைக் கூடுதலாக எடுப்பேன். எய்ட் 2014 பட்டியலில் பார்டுக்கு இல்லை. 2020இல் வந்த துணைப்புத்தகத்தின் விருப்ப விதி அதைச் சேர்க்கிறது. டிஎம்மிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சஜெஷன் எடுத்தேன். டிஎம் எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

பெரும்பாலும் பிரச்சினை வாக்கியத்தில் இருக்கும். சஜெஷனில் நீங்கள் ஓரிரு வாக்கியத்தில் ஒரு செயலைச் சொல்கிறீர்கள். அது நியாயமாகத் தோன்ற வேண்டும், ஆளுக்கு நேரடியாகத் தீங்கு செய்யக் கூடாது. "எங்களுக்காகச் சண்டை போடு" என்றால் டிஎம் முகம் சுளிப்பார். "நாங்கள் வந்த விஷயம் தலைவருக்குத் தெரியணும். நீ மேலே போய் அவர் எழுந்திருக்கும்வரை அறை வாசலிலேயே காத்திரு" என்று சொல்லிப் பாருங்கள். காவலன் தன் கடமையைச் செய்வதாகவே நினைத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்வான். மந்திரம் 8 மணி நேரம்வரை நிற்கும், நீங்கள் கான்சன்ட்ரேஷனை விடாத வரையில்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மந்திரம் போடும்போது குரலும் பொருளும் தேவைப்படுகின்றன. பக்கத்தில் நிற்பவர்கள் அதைக் கவனிப்பார்கள். அரசவையின் நடுவில் நின்று சஜெஷன் போட்டால் அரசர் மயங்கினாலும் அவரைச் சுற்றியுள்ள காவலர்கள் மயங்கவில்லை. தனியாக அழைத்துப் பேசும் வாய்ப்பை முதலில் உருவாக்குங்கள். அதற்குத்தான் உங்கள் பர்சுவேஷன் (பேசி இணங்கவைக்கும் திறமை).

இந்த மந்திரத்தை எடுக்கும் முன் டிஎம்மிடம் இரண்டு உதாரண வாக்கியங்களைச் சொல்லி, ஏற்பாரா என்று கேட்டுவிடுவது நல்லது. சஜெஷன், மேஜர் இமேஜ், ஃபேன்டஸ்மல் ஃபோர்ஸ் மூன்றும் டிஎம் எவ்வளவு இடம் கொடுக்கிறாரோ அவ்வளவுதான் பெறும்.

ரிச்சுவல் மந்திரங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கலாமா?

ஒன்றுக்கு ஒதுக்கலாம். 10 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் ஸ்லாட் செலவில்லை, ஆனால் பார்டுக்கு அது தெரிந்த மந்திரங்களில் ஓரிடத்தைப் பிடித்துவிடும். விசார்ட் இருக்கும் குழுவில் டிடெக்ட் மேஜிக், ஐடென்டிஃபை இரண்டையும் அவரிடம் விட்டுவிடுங்கள். விசார்ட் இல்லாத குழுவில் ஐந்தாம் லெவலில் டைனி ஹட் எடுத்தால், காட்டில் இரவு 8 மணி நேரம் நிம்மதியாகத் தூங்கலாம். பல கதைகளில் அது பெரிய விஷயம். சைலன்ஸும் ரிச்சுவல்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் எதிரி மந்திரவாதியின் வாயை அடைக்க அதைச் சண்டையில் ஸ்லாட் கொடுத்தே போடுவீர்கள்.

பெரிய லெவல்களில் கட்டாயம் எடுக்க வேண்டியவை?

ஐந்தாம் லெவலில் ஹிப்னாடிக் பேட்டர்ன். 30 அடிக் கனசதுரம், சேவில் தோற்றவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள், ஒவ்வொரு சுற்றும் மறுபடி சேவ் எடுக்கும் வாய்ப்பும் இல்லை. அடித்தாலோ யாராவது உலுக்கினாலோதான் விழிப்பார்கள். எட்டுப் பேர் வந்த சண்டை மூன்று பேர் சண்டையாகச் சுருங்கிவிடும். "மயங்கியவர்களை அடிக்காதீர்கள்" என்று நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அடுத்த இடம் டிஸ்பெல் மேஜிக்குக்கு.

ஏழில் பாலிமார்ஃப் அல்லது டைமென்ஷன் டோர். சாகக் கிடக்கும் நண்பரை 157 ஹிட் பாயின்ட் உள்ள ராட்சதக் குரங்காக்கினால் தோற்கவிருந்த சண்டை திரும்பும். ஒன்பதில் அனிமேட் ஆப்ஜெக்ட்ஸ். பத்துச் சின்னப் பொருட்கள் பறந்துபோய் அடிக்கும், பகடைகளைத் தயாராக வைத்துக்கொண்டு சீக்கிரம் உருட்டுங்கள், மற்றவர்களைக் காக்க வைக்கக் கூடாது. இறந்தவரை மீட்கும் ரைஸ் டெட்டும் இந்த லெவலில்தான் வருகிறது.

காலேஜைப் (பார்டின் உட்பிரிவு) பொறுத்துத் தேர்வு மாறுமா?

மாறும். எலக்வன்ஸ் காலேஜில் போனஸ் ஆக்‌ஷனில் இன்ஸ்பிரேஷன் பகடையை உருட்டி எதிரியின் அடுத்த சேவிலிருந்து கழிக்கலாம். சேவ் கேட்கும் மந்திரங்களுக்கு இதைவிடத் துணை கிடையாது. ஒரே எதிரியைக் குறிவைக்கும் ஹிடியஸ் லாஃப்டர், ஹோல்ட் பெர்சன் இவர் கையில் பயங்கரம். வேலர், ஸ்வார்ட்ஸ் இரண்டும் ஆறாம் லெவலில் இரண்டாவது அடி தருபவை. அவர்கள் ஆக்‌ஷனை ஆயுதத்துக்குச் செலவழிப்பதால், ஒருமுறை போட்டு வைத்துவிட்டால் தானாக ஓடும் மந்திரங்கள் நல்லது: ஹீரோயிசம், ஃபேரி ஃபயர், பின்னால் கிரேட்டர் இன்விசிபிலிட்டி. ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம் என்றால் கையசைவு தேவைப்படும் மந்திரங்களுக்குக் கை இருக்காது, அதற்கும் வார் காஸ்டர்தான் வழி.

லோர் காலேஜ் எடுத்தவருக்கு ஆறாம் லெவலிலேயே எந்த வகுப்பின் பட்டியலிலிருந்தும் இரண்டு மந்திரங்கள். அது தனிக் கேள்வி.

மேஜிக்கல் சீக்ரெட்ஸில் (பிற வகுப்புகளின் மந்திரங்களை எடுக்கும் உரிமை) ஃபயர்பால் எடுக்கலாமா?

குழுவில் விசார்டோ சார்சரரோ இல்லையென்றால் எடுக்கலாம். இருந்தால் வேண்டாம். கிடைக்கும் இந்த இரண்டு இடமும் அரியவை. மற்றவர்களிடம் ஏற்கெனவே இருப்பதை வாங்கி வைக்காதீர்கள்.

லோர் பார்டுக்கு ஆறாம் லெவலில் நான் முதலில் பார்ப்பது கவுண்டர்ஸ்பெல். எதிரியின் மந்திரத்தை நடுவிலேயே தடுக்கும் இதற்குச் சில நேரம் பகடை உருட்ட வேண்டிவரும். ஜாக் ஆஃப் ஆல் ட்ரேட்ஸ் என்ற பார்ட் திறமையின் கூட்டல் அந்தப் பகடையிலும் கூடும். இரண்டாவதுக்கு, குணப்படுத்துபவர் இல்லாத குழுவென்றால் ஆரா ஆஃப் வைட்டாலிட்டி: ஒரு நிமிடத்துக்கு ஒவ்வொரு முறையும் போனஸ் ஆக்‌ஷனில் 2 ஆறுமுகப் பகடை, மொத்தம் 20 பகடை, சராசரி 70 ஹிட் பாயின்ட். சண்டை முடிந்ததும் போட்டால் எல்லோரும் எழுந்து நடப்பார்கள். பாலடினுக்கே (புனித வீரர் வகுப்பு) இது ஒன்பதாம் லெவலில்தான் கிடைக்கும். ரிவைவிஃபையும் பார்ட் பட்டியலில் இல்லை என்பதை மறக்க வேண்டாம். கிளெரிக் இல்லாத குழுவில், இறந்து ஒரு நிமிடத்துக்குள் ஒருவரை மீட்க இதை எடுத்து வைக்கலாம். 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும்.

பத்தாம் லெவலில் எல்லா பார்டுகளுக்கும் இரண்டு கிடைக்கும், அப்புறம் 14, 18. பத்தில் ஃபைண்ட் கிரேட்டர் ஸ்டீட் பலருக்கும் பிடித்த தேர்வு, காரணம் பாலடினுக்கு அது பதின்மூன்றில்தான். பதினெட்டில் விஷ். அதற்கு விளக்கம் தேவையில்லை.

பழைய பதிப்புகளில் ஆடியவர்கள் சொல்லும் ஆலோசனை ஏன் பொருந்துவதில்லை?

ஏனென்றால் பழைய பார்ட் வேறு ஆள். 1976இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையாக வந்தார். 1978 புத்தகத்தில் பார்ட் ஆக வேண்டுமானால் முதலில் ஃபைட்டர், பின் தீஃப், அதன்பின்தான் பார்ட், மந்திரங்கள் ட்ரூயிடுடையவை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் சொந்தப் பட்டியல் கிடைத்தது, ஆனால் ஆறாம் லெவல் மந்திரத்தோடு நின்றுவிட்டது. 2014இல்தான் ஒன்பதாம் லெவல் மந்திரம்வரை போகும் முழு மந்திரவாதி ஆனார். "பார்ட் எல்லாவற்றிலும் அரைகுறை" என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம்.

2024 புத்தகத்தில் ஆடுகிறோம். எது மாறியிருக்கிறது?

தெரிந்த மந்திரம் என்பது தயார் செய்த மந்திரம் என்றாகிவிட்டது, ஆனாலும் லெவலுக்கு ஒன்றுதான் மாற்றலாம். எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருக்கிறது: ஐந்தாம் லெவலில் 9, ஒன்பதில் 14. எய்ட், கமாண்ட் போன்றவை நேரடியாகப் பட்டியலிலேயே வந்துவிட்டன. விஷியஸ் மாக்கரிக்கு ஆறுமுகப் பகடை. ஹீலிங் வேர்ட் 2 நான்குமுகப் பகடை, கியூர் வூண்ட்ஸ் 2 எட்டுமுகப் பகடை ஆனதால், மேலே நான் கியூர் வூண்ட்ஸை ஒதுக்கிய அளவுக்கு இங்கே ஒதுக்க மாட்டேன். சண்டைக்குப் பிந்தைய குணப்படுத்தலுக்கு அது இப்போது நல்ல மந்திரம். ஸ்லீப் விஸ்டம் சேவ் கேட்பதாக மாறிவிட்டது, ஹிட் பாயின்ட் கணக்கு போய்விட்டது.

பெரிய மாற்றம் பத்தாம் லெவலில். மேஜிக்கல் சீக்ரெட்ஸ் இனி இரண்டு இரண்டாகக் கிடைப்பதில்லை; பத்திலிருந்து நீங்கள் புதிதாக எடுக்கும் மந்திரம் எதுவானாலும் பார்ட், கிளெரிக், ட்ரூயிட், விசார்ட் நான்கு பட்டியலிலிருந்தும் எடுக்கலாம். பாலடின் பட்டியல் அதில் இல்லாததால் ஃபைண்ட் கிரேட்டர் ஸ்டீட் கனவு இங்கே நடக்காது. லோர் பார்டின் ஆறாம் லெவல் இரண்டு மந்திரங்களும் கிளெரிக், ட்ரூயிட், விசார்ட் பட்டியல்களுக்குள்தான். கவுண்டர்ஸ்பெல் இப்போது எதிரியைக் கான்ஸ்டிட்யூஷன் சேவ் எடுக்க வைக்கிறது, ஆகவே ஜாக் ஆஃப் ஆல் ட்ரேட்ஸ் கூட்டல் அதில் சேராது. பாலிமார்ஃபில் விலங்கின் ஹிட் பாயின்ட் தற்காலிக ஹிட் பாயின்டாக வருகிறது. அது தீர்ந்ததும் மந்திரம் முடிந்துவிடும்.

சில குழுக்கள் 2014 பாத்திரங்களையும் 2024 மந்திரங்களையும் கலந்து ஆடுகின்றன. அப்படியானால் பாத்திரம் எழுதும் முன்பே ஸ்லீப், கவுண்டர்ஸ்பெல், பாலிமார்ஃப், கியூர் வூண்ட்ஸ் நான்கும் எந்தப் புத்தகத்தின்படி என்று டிஎம்மிடம் கேட்டு, பாத்திரத் தாளின் ஓரத்தில் ஆண்டைக் குறித்துவிடுங்கள்.